சம்பளம் வாங்கிக்கிட்டே டாக்டர்?



ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன்... 'அப்ரென்டிஸ்'னு சொன்னதும் நமக்கு இந்த லிஸ்ட்தான் ஞாபகம் வரும். அதுல டாக்டரையும் சேர்த்தா எப்படி இருக்கும்? ஃபீஸ் கட்ட வேண்டாம். முதல் நாளே நீங்க ஆஸ்பத்திரி ஊழியர். மாசம் பொறந்தா சம்பளம். கடைசியில் கையில் மெடிக்கல் டிகிரி. 'காமெடி பண்ணாதீங்க பாஸ்'னு சிரிக்காதீங்க. இங்கிலாந்தில் சீரியஸாகவே போட்ட திட்டம் இது!

2022-ல் 'மெடிக்கல் டாக்டர் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்'புக்கு அங்கே ஒப்புதல் கிடைத்தது. 2023 ஜூனில் அந்நாட்டின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். ஒரு திட்டம் வெளியிட்டது. 2024-25-ல் சோதனை முயற்சியாக 200 பேர், 2031-32-க்குள் 2,000 பேருக்கு மேல் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். யாருக்காக இதெல்லாம்? வார்டில் பல வருஷமா உதவியாளரா இருக்கிறவங்க, குடும்பத்தைத் தாங்குறதால வேலையை விட்டுட்டு காலேஜ் போக முடியாதவங்க... இவங்களுக்காக! அதுக்காக குறுக்கு வழின்னு நினைச்சுடாதீங்க. மற்ற மாணவர்கள் எழுதுற அதே லைசென்ஸ் பரீட்சையை இவங்களும் எழுதியாகணும்.

நம்ம ஊர்ல ஐந்தரை வருஷ எம்.பி.பி.எஸ். படிப்பில் ஸ்டைபெண்டைக் கண்ணால் பார்ப்பதே கடைசி வருஷம் ஹவுஸ் சர்ஜன் ஆன பிறகுதான். அதுவரைக்கும் அப்பாவோட பாக்கெட்!

சரித்திரத்தைப் புரட்டினால், டாக்டர் தொழிலே அப்ரென்டிஸ்ஷிப்பில் வளர்ந்ததுதான். அப்போதிகரின்னு அப்போ ஒரு வகை டாக்டர்கள் இருந்தாங்க. 1815-ல் இங்கிலாந்து போட்ட சட்டப்படி அந்த லைசென்ஸ் வேணும்னா ஐந்து வருஷம் அப்ரென்டிஸா இருந்திருக்கணும். கவிஞர் ஜான் கீட்ஸ் அப்படிப் படிச்சவர்தான். 1816-ல் லைசென்ஸ் வாங்கிட்டு, கவிதைப் பக்கம் எஸ்கேப் ஆயிட்டார்! நம்ம சென்னை எம்.எம்.சி.? 1835-ல் மெட்ராஸ் மெடிக்கல் ஸ்கூலா ஆரம்பிச்சப்போ 'மெடிக்கல் அப்ரென்டிஸ்'களைத் தயார் பண்ணத்தான் ஆரம்பிச்சாங்க. 1850-ல்தான் அது காலேஜ் ஆச்சு. கீட்ஸ் காலத்து இங்கிலாந்தில் அப்ரென்டிஸுக்குச் சம்பளமெல்லாம் கிடையாது. சேர்த்துக்கிற டாக்டருக்கு வீட்ல இருந்துதான் காசு கட்டணும்! அதைத் தலைகீழாக்கப் பார்த்ததுதான் புதுத் திட்டம்.

பார்த்ததோட சரி. 2024-ல் 200 பேரைச் சேர்க்கிறதா சொன்னது அந்த வருஷமே கிடப்பில் போனது. காரணம் ஒண்ணே ஒண்ணு: துட்டு! அங்கே ஒரு அப்ரென்டிஸின் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டிருந்த உச்சவரம்பு 27,000 பவுண்டு. ஒரு டாக்டரை உருவாக்க அதைப்போல பல மடங்கு ஆகும். மிச்சத்தை யார் போடுறது, சம்பளத்தை எந்த ஆஸ்பத்திரி தர்றதுங்கிற கேள்விக்குப் பதில் இல்லை. போதாக்குறைக்கு, இந்தப் படிப்பு வருகிற 'லெவல் 7' பிரிவில், 21 வயதுக்குள் தொடங்குறவங்களுக்கு மட்டும்தான் நிதி (சில விதிவிலக்குகள் உண்டு) என்று 2026 ஜனவரியிலிருந்து மாற்றிவிட்டார்கள். பத்து வருஷம் வார்டில் உழைச்சவருக்கு எப்படிங்க 21 வயசு இருக்கும்? யாருக்காகக் கதவு செஞ்சாங்களோ, அவங்களுக்கே பூட்டு!

ஐடியா தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். இதே இங்கிலாந்தில் 2017-லிருந்து நர்ஸ் வேலைக்கு டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் இருக்கு. சம்பளத்தோட படிச்சு, பதிவு பெற்ற நர்ஸா வெளியே வர்றாங்க. அது 'லெவல் 6' என்பதால் இந்த வயசு வெட்டில் மாட்டவில்லை.

உடனே பாஸ்போர்ட்டைத் தேடாதீங்க! அங்கே வசிக்கும், வேலை செய்யும் உரிமை உள்ளவங்களுக்குத்தான் இது. ஸ்டூடண்ட் விசாவில் போய் இதில் சேர முடியாது. 'யு.கே. மெடிக்கல் அப்ரென்டிஸ்ஷிப், நாலு லட்சம் கட்டினா போதும்'னு எந்த ஏஜென்ட்டாவது சொன்னா, ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க: பயிற்சிக்காக அப்ரென்டிஸ்கிட்ட பணம் வாங்கக் கூடாதுங்கிறது அந்த ஊர் விதி. காசு கேட்டாலே அது டுபாக்கூர்!

சரி, நமக்கு என்ன இருக்கு? இந்தியாவில் டாக்டர் ஆக அப்ரென்டிஸ் வழி கிடையாது. நீட் எழுதித்தான் ஆகணும். ஆனா ஆஸ்பத்திரின்னா டாக்டர் மட்டும்தானா? பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் அப்ரென்டிஸ் விளம்பரத்தை அடுத்த முறை முழுசா படிங்க. கார்பென்டர், பெயின்டர், வெல்டர் வரிசையோட முடிச்சுடாம கொஞ்சம் கீழே வாங்க. 'எம்.எல்.டி. ரேடியாலஜி', 'எம்.எல்.டி. பேத்தாலஜி'ன்னு இரண்டு வரி இருக்கும். மெடிக்கல் லேப் டெக்னீஷியன்! பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிச்சவங்க அப்ளை பண்ணலாம், ஸ்டைபெண்ட் உண்டு. முடிச்சதும் ரயில்வே வேலை நிச்சயம்னு அர்த்தம் இல்லை, அதையும் அதே விளம்பரத்தில் போட்டிருப்பாங்க. வயசு வரம்பும் இருக்கு. அதனால காலேஜில் இருக்கும் உங்களைவிட, இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சுட்டு நீட் மார்க்கை வெறிச்சுப் பார்த்துக்கிட்டிருக்கும் உங்க தம்பி, தங்கச்சிக்குத்தான் இது அதிகம் உதவும். பேப்பரைக் கட் பண்ணி அவங்க டேபிள்ல வைங்க.