அறிக்கையோடு டேட்டாவையும் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எக்ஸெல் என்றால் மளிகைக் கணக்குதான் நினைவுக்கு வரும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் விலை உயர்ந்த கருவி அளந்து தந்ததையும் அதே எக்ஸெலில் நீங்களே பார்க்கலாம்.

பாபநாசம் பக்கம் என் பெரியப்பா ரைஸ் மில் நடத்துகிறார். பாய்லருக்கு உமிதான் எரிபொருள். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். நன்றாக எரிந்த சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. வெப்பம் சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டாவிட்டால் அது படிகமாகாது; சிமென்ட்டில் கலக்க ஏற்றது. வெப்பம் மிஞ்சினால் படிகமாகும். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல்தான். எக்ஸ்-கதிரைச் செலுத்தி, எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறி வருகிறது என்று அளக்கும் எக்ஸ்.ஆர்.டி. கருவிதான் வித்தியாசம் சொல்லும்.

வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குச் சாம்பலை அனுப்பினோம். பணம் கட்டியதற்கு வந்தது மங்கலான ஒரு வரைபடம் மட்டுமே. "ஏம்ப்பா, படிச்சவன்தானே நீ, இதுல என்ன இருக்குன்னு சொல்லு" என்றார் பெரியப்பா. எனக்கும் புரியவில்லை.

கேட்ட பிறகு டேட்டா ஃபைலை மெயிலில் அனுப்பினார்கள். நோட்பேடில் திறந்தால் இரண்டே வரிசை எண்கள்: கோணம், அளவு. எக்ஸெலில் ஏற்றி, இன்செர்ட் பகுதியில் ஸ்கேட்டர் சார்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். வழக்கமான தாமிரக் குழாய்க் கருவியில் 22 டிகிரி அருகே அகன்ற மேடு தெரிந்தால் படிகமாகாத சிலிக்கா. அதே இடத்தில் ஊசிபோல் முனை எழுந்தால் படிகம். 26.6 டிகிரியில் முனை என்றால் குவார்ட்ஸ், மணல் கலந்திருக்கலாம். எங்கள் மேட்டின் உச்சியில் ஓர் ஊசி நின்றது. ஆய்வுக்கூடத்தில் விசாரித்தேன், படிகம்தான் என்றார்கள். சாம்பல் அள்ளுபவர்களுக்கு அதன் பிறகுதான் முகக்கவசம் வாங்கினோம்.

நாம் பார்ப்பது நிபுணரின் முடிவுக்கு மாற்று ஆகாது. ஆனால் சரியான கேள்வியைக் கேட்க டேட்டா வேண்டும். என்னைக் கேட்டால், பணம் கட்டியவருக்கு அதைக் கேட்காமலே கொடுக்க வேண்டும். அதுவரை, மாதிரி கொடுக்கும்போதே "டெக்ஸ்ட் அல்லது சி.எஸ்.வி. ஃபைலாகவும் வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். கருவியின் சொந்த ஃபார்மட்டில் தந்தால் வீட்டுக் கம்ப்யூட்டரில் நேரடியாகத் திறக்காமல் போகலாம்.

தஞ்சாவூரில் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலேயே இத்தகைய கருவிகள் உள்ளன. நாட்டில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பதை, 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடலாம். உங்கள் கம்ப்யூட்டருக்கு இதுவும் ஒரு வேலைதான்.