அரிவாளும் ஆயுத பூசையும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவனை நிறுத்தி, உயர்வு நவிற்சி அணி என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். உலக நடப்பை மீறி மிகுத்துச் சொல்வது என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். அவனையே, உங்கள் ஊர்த் தலபுராணத்தில் அவ்வணி எங்கெங்கே வருகிறது என்று கேட்டால் விழிப்பான். அதிலிருப்பதெல்லாம் அவனுக்கு நடந்த சங்கதி! பிள்ளையின் மீது குற்றமில்லை. சொல்லிக் கொடுக்கிற முறையின் யோக்கியதை அப்படி.

திருநெல்வேலிச் சீமைக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிப் பெருமையுண்டு. தொல்காப்பியர் உவமைக்கென்று ஓர் இயல் வகுத்தார். வடமொழியைத் தழுவி எழுந்த தண்டியலங்காரம் பொருளணி 35 என்றது. 16-ஆம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரையிலே, ஆழ்வார்திருநகரித் திருக்குருகைப் பெருமாள் கவிராயர் அதை 64 ஆகப் பெருக்கி மாறனலங்காரம் செய்தார். (அவ்வூர் 1986 முதல் தூத்துக்குடி ஜில்லாவில் சேர்ந்துவிட்டது, ஆற்றுக்கு அது தெரியாது.) சொல் எப்படியெல்லாம் வேலை செய்கிறது என்பதை இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிந்த புத்தியை நாம் தாராளமாய் மெச்சுகிறோம். ஆனால் பிரயோஜனம் என்ன? மாறன் என்பது நம்மாழ்வார் பெயர். உதாரணப் பாட்டுகளும் அவரையும் பெருமாளையும் துதிப்பதிலேயே பெரிதும் செலவாகிவிட்டன. அரிவாளை நன்றாகத் தீட்டி, ஆயுத பூசைக்கு மட்டும் வைத்தது போலாயிற்று.

பண்டிதர்களிடம் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. அகத்தியர் கொண்டுவந்தது தாமிரபரணி என்பார்கள். பொதிகை மலையில் இரண்டு பருவக் காற்றும் மழை கொட்டுவதால் அல்லவா ஆறு வற்றாமல் ஓடுகிறது என்றால், உடனே, "அது உருவகம் ஐயா" என்பார்கள். கேளாதவனுக்குச் சரித்திரம், கேட்டவனுக்கு உருவகம்! இலக்கணத்தில் இப்படியும் ஓர் அணி உண்டா?

இது வெறும் ஏட்டுச் சண்டையல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஆற்றுப் புறத்தில் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் வண்டி நின்று நூற்றுக்கணக்கானோர் தவித்தார்கள். ஊழி வந்ததென்று கவி பாடட்டும், தடையில்லை. ஆனால் ஊழி என்று அறிக்கையிலும் எழுதிவிட்டால், எந்தக் குளத்துக் கரை ஏன் உடைந்தது, மதகை யார் பார்த்தார் என்று எவனும் கணக்குக் கேட்க முடியாது.

ஆசிரியத் தோழர்களே! அடுத்த பரீட்சையில் பாட்டுக்குப் பதிலாக ஒரு தலபுராணம், ஒரு வரவேற்புப் பத்திரம், ஒரு தேர்தல் சுவரொட்டி, மூன்றையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். சிவப்புப் பென்சிலையும் கொடுத்து, அணி வரும் இடங்களில் கோடு போடச் சொல்லுங்கள்.