பிள்ளைப் பேறா வறுமைக்குக் காரணம்?

கூலி உயர்வு கேட்கும் போதெல்லாம் முதலாளிமார் ஒரு பாட்டுப் பாடுவதுண்டு: "தொழிலாளி ஏழையாயிருப்பது கூலிக் குறைவால் அல்ல, வரிசையாகப் பிள்ளை பெறுவதால்!" தோழர்களே, இது புதுப் பாட்டன்று. 1798-ல் இங்கிலாந்தில் மால்தஸ் என்ற பாதிரியார் கட்டிவிட்டது. உணவைவிட ஜனங்கள் வேகமாகப் பெருகுவர், ஏழைக்கு உதவினால் இன்னும் பெருகுவர், ஆகவே உதவியை நிறுத்து என்பது அவர் வாதம். இவரே 1805 முதல் 1834-ல் சாகும் வரை, கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்குப் போகும் இளைஞர்களுக்கு ஹெய்லிபரி கல்லூரியில் பாடம் சொன்னவர். நம் பாட்டன்மாரை ஆண்ட துரைகள் எங்கே படித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்!

அவர் இறந்த ஆண்டிலேயே புதிய ஏழைச் சட்டம் வந்தது. உதவி வேண்டுமானால் ஏழை விடுதிக்குள் போ என்றார்கள். அங்கே புருஷன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம்.

அந்தச் சட்ட இலாகாவின் காரியதரிசி சாட்விக் 1842-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மான்செஸ்டர் நகரில் இறந்தவர்களின் சராசரி வயது: கனவான் குடும்பங்களில் 38, தொழிலாளர் குடும்பங்களில் 17. லிவர்பூலில் முறையே 35, 15. ஆனால் ரட்லண்ட் என்னும் கிராமப் பகுதியிலோ, தொழிலாளிக்கே 38! மான்செஸ்டர் கனவானும் ரட்லண்ட் கூலிக்காரனும் சமம். பதினேழு என்றால் எல்லோரும் பதினேழில் செத்தார்கள் என்று அர்த்தமல்ல. ஐந்து வயதுக்குள் மடிந்த குழந்தைகளே சராசரியைக் கீழே இழுத்தன. இந்தக் கணக்கு முறையை அக்காலத்திலேயே குறை கூறினர். கிராணி வேலை பார்ப்பவனுக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் 17-க்கும் 38-க்கும் உள்ள தூரத்தை எந்தத் திருத்தமும் அழித்துவிடாது. கொன்றது சாக்கடையும் அழுக்குத் தண்ணீரும் நெருக்கடி வீடும். பிள்ளைப் பேறு அல்ல.

மால்தஸ் சொன்ன பஞ்சமாவது வந்ததா? இங்கிலாந்து, வேல்ஸ் ஜனத்தொகை 1801-ல் சுமார் 89 லட்சம். 1901-ல் சுமார் 3 கோடியே 25 லட்சம். ஏறக்குறைய மூன்றரை மடங்கு பெருகியும், நூற்றாண்டின் பிற்பகுதியில் கூலி உயர்ந்ததே தவிரத் தாழவில்லை.

பிறப்பு குறையத் தொடங்கியது 1870-களில். 1860-களில் மணந்த தம்பதிகளுக்குச் சராசரி ஆறு பிள்ளைகள். 1920-களில் மணந்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டே. உபதேசமா குறைத்தது? 1880-ல் பள்ளிப் படிப்பு கட்டாயமாயிற்று. ஆலைக்குப் போய்ச் சம்பாதித்த பிள்ளை, சாப்பாடு போட்டுப் படிக்கவைக்க வேண்டிய பிள்ளையாயிற்று. இதையே பெரிய காரணமாக நான் கருதுகிறேன்.

வேடிக்கை ஒன்று. பிள்ளையைக் குறை என்று ஏழைக்குப் புத்தி சொன்ன அதே தேசத்தில், குறைக்கும் வழியைச் சொல்லும் சிறு நூலை அச்சிட்டதற்காக 1877-ல் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் கூண்டில் ஏற்றப்பட்டனர். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அதே பெசன்ட் அம்மையார்தான். மேல் கோர்ட்டில் தண்டனை நீங்கிற்று. ஆனால் மறு ஆண்டே அவர் மகளை அவரிடமிருந்து பிரித்தார்கள்.

1911 குடிமதிப்பில், மணமான பெண்களுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று கேட்டு எழுதினர். சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் பிள்ளைகள் அதிகம். நெசவாலைத் தொழிலாளர் வீடுகளில் குறைவு. இருவரும் தொழிலாளர்களே. சுரங்க ஊர்களில் பெண்ணுக்குக் கூலி வேலை அபூர்வம். நெசவாலை ஊர்களில் அவள் தன் கையால் கூலி வாங்கினாள்.