ஜாமீனை மறுக்கும் சட்டப்பிரிவு



திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர் பாதிரியார் ஸ்டேன் சுவாமி. மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகான் வன்முறை தொடர்பான வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று தேசியப் புலனாய்வு முகமை அவரை ராஞ்சியில் கைது செய்தபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சுகுழல் வைத்த கோப்பைக்குக்கூட நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. அதற்குப் பதில் சொல்லப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் கைதியாகவே இறந்தார்.

மாவோயிஸ்டுகள் என்று பிடிக்கப்பட்டு, விசாரணையின்றிச் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனவர் அவர்.

அவர் மீதும் போடப்பட்ட 'உபா' எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 43டி(5) பிரிவுதான், இப்படி ஜாமீனின்றிச் சிறையில் கிடப்பதற்கு வேர். போலீஸ் தரும் ஆவணங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு உண்மையாக இருக்கலாம் என்று நீதிபதிக்குத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. அப்படி உள்ளே போனவர், பின்னால் விடுதலையானாலும் இழந்த ஆண்டுகளை யார் தருவார்?

பேசுவதும் எழுதுவதும் வழக்குப் போடுவதும் குற்றமல்ல. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இந்தப் பிரிவை நீக்கக் குரல் கொடுக்க வேண்டும்.

- வாசகர், லால்குடி