குழந்தையின் பெயருக்கு வரும் புத்தகம்

கொடை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எழுவது கட்டடமே. நிலம் தந்தோர், மண்டபம் எழுப்பித் தந்தோர், நூலகத்திற்கு அலமாரி வழங்கியோர் ஆகியோரின் பெயர்களைக் கல்லிற் பொறித்துப் போற்றுகிறோம். அத்தகையோர் ஈகையால் எழுந்த வகுப்பறையில் நின்றே நானும் பாடம் சொல்கிறேன். ஆதலின் குறைகூறப் புகவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் முதலாமாண்டு மாணவர்களைக் காணும்போது ஓர் ஐயம் எழுகிறது. பதினெட்டு வயதில் நூலகத்தின் வாயிலைக் காட்டுகிறோம். மூன்று வயதில் இவர்கள் கையில் என்ன இருந்தது?

பாடநூல் அல்லாத புத்தகம் வீட்டிற்கு முதன்முதலாக எப்போது வந்தது என்று ஒருமுறை வகுப்பிற் கேட்டேன். பலரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "பேச்சுப் போட்டியிற் பரிசாகப் பெற்று நான் கொண்டுபோனதுதான் ஐயா" என்றாள்.

அவ்விடையைக் கேட்டபோது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பாடகி டாலி பார்ட்டன் நினைவுக்கு வந்தார். 1946-இல் மலைப்பாங்கான செவியர் மாவட்டத்தில் ஏழைக் குடும்பமொன்றில் பன்னிரு மக்களுள் ஒருவராகப் பிறந்தவர். தந்தையார் கடும் உழைப்பாளி, கூர்மதியினர், எனினும் எழுதப் படிக்க அறியாதவர். பாடிப் பெரும்பொருள் ஈட்டிய மகள், தந்தையை நினைந்து 1995-இல் பிறந்த மண்ணிலேயே ஒரு திட்டம் தொடங்கினார். பிறந்த நாள்முதல் ஐந்து வயது நிறையும்வரை குழந்தைக்குத் திங்கள்தோறும் ஒரு புத்தகம் அஞ்சலில் வரும். பிறந்தவுடன் பெயர் பதிந்துவிட்டால், பள்ளி புகுமுன் அறுபது புத்தகங்கள் வீட்டிற் சேர்ந்துவிடும்.

2004-இல் டென்னசி மாநிலம் முழுவதும் பரவிய இத்திட்டம் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து ஆகிய நாடுகளையும் எட்டியது. 2018-இல் பத்துக் கோடியாவது புத்தகம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்கு வழங்கப்பட்டது. இன்றைய தொகை இருபது கோடியைக் கடந்துவிட்டது. ஆனால் என்னைக் கவர்ந்தவை இப்பேரெண்கள் அல்ல. உறையின்மேல் குழந்தையின் பெயரே எழுதப்பட்டிருக்கும். திட்டம் நடைபெறும் ஊரில் எக்குடும்பத்தினரிடமும் வருமானச் சான்று கேட்பதில்லை. செல்வர் வீட்டுக்கும் அதே புத்தகம், கூலியாள் வீட்டுக்கும் அதே புத்தகம். வாங்குவோர் நாணித் தலைகுனிய வேண்டாத ஈகை அது. நம்மிடையே பரிசு வழங்கும் விழாக்களில் ஏழைப் பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதைக் காணும்போதெல்லாம் இவ்வேறுபாடு நெஞ்சை உறுத்துகிறது.

ஊர்தோறும் உள்ள அமைப்புகள் புத்தக விலையையும் அஞ்சற் செலவையும் ஏற்கின்றன. நிர்வாகச் செலவை அவர்தம் அறக்கட்டளை ஏற்கிறது. சிறுவர்கள் தம் மகளைப் 'புத்தக அம்மையார்' என அழைத்தது கண்டு அத்தந்தையார் பெரிதும் பெருமை கொண்டார் என்பர்.

தாய்க்கே எழுத்தறிவில்லையேல் புத்தகத்தால் என்ன பயன் என்று வினவலாம். நியாயமான வினாவே. படித்துக் காட்டுவோர் இல்லாத வீட்டில் புத்தகத்தை வைத்துவிட்டு வருவது அரைப்பணிதான். ஆனால் என் பாட்டியார் அரபுத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர். மாலையும் கிஸ்ஸாவும் முனாஜாத்தும் அவர் ஓத, மடியிற் கிடந்து கேட்டிருக்கிறேன். என் முதல் வகுப்புப் புத்தகத்தின் தமிழெழுத்து அவருக்குப் புரியவில்லை. படத்தைப் பார்த்துத் தாமே கதை கட்டினார். அதில் இருந்த யானை ஒவ்வோர் இரவும் வேறோர் ஊருக்குப் போயிற்று. எழுத்தைக் கற்குமுன்பே, ஏட்டைத் திறந்தால் உள்ளே கதை இருக்கும் என்பதை நான் அறிந்துகொண்டது அம்மடியில்தான்.

நம் நாட்டிலும் இத்துறையிற் பொருள் ஈந்த பெண்மணி உண்டு. 2004-இல் பெங்களூரில் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ரோகிணி நிலேகணி பத்தாண்டுகள் அதற்குத் தலைமை தாங்கினார். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் படக்கதைகள் எளிய விலையில் கிடைக்க அது வழி செய்தது. ஆகவே தமிழிற் புத்தகம் இல்லை என்று நாம் இனிச் சாக்குக் கூற இயலாது. அதனை வீட்டு வாயில்வரை கொண்டு சேர்க்கும் கைதான் இல்லை.

அக்கை நம் கல்லூரியிற் பயின்று சென்ற பெண்களுடையதாக இருக்கலாகாதா? ஆசிரியைகளாகவும் மருத்துவர்களாகவும் இருப்போர் பலர். கணவரிடம் கேளாமலே கொடுக்கத்தக்க சொந்த வருவாய் உடையோர். இருபது குழந்தைகளுக்கு ஓராண்டிற்கு வேண்டுவன இருநூற்று நாற்பது புத்தகங்களே. ஒரு திருமண வீட்டுப் பந்தற் செலவைவிட இது மிகையாகாது. அஞ்சலும் வேண்டா, தமிழ்த்துறை மாணவியர் மாதத்தில் ஒருநாள் நேரிற் கொண்டுபோய்க் கொடுத்து, ஒருமுறை படித்தும் காட்டிவிட்டு வரலாம். கல்லூரிக்குப் பின்புறமுள்ள இரண்டு தெருக்களில் இவ்வாண்டு பிறந்த குழந்தைகளின் பெயர்களை நான் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினொன்று சேர்ந்துள்ளன.