இருபது விக்கெட் கணக்கு

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். முகூர்த்தம் நல்லபடியாக முடிந்து, முதல் பந்தியிலேயே இடம் பிடித்து உட்கார்ந்தோம். நமக்கு வலப்புறத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவருக்கு அப்பால் அவருடைய மாப்பிள்ளை. இலையில் கூட்டு விழும் சமயத்தில் அவ்விருவருக்குள்ளும் வாக்குவாதம் மூண்டது. ஏதோ சீர் வரிசைத் தகராறாக்கும் என்று நாம் கலங்கிப் போனோம். நல்ல வேளை, அதெல்லாம் ஒன்றுமில்லை. சர்வதேச கிரிக்கெட் பந்தயங்களில் இதுவரை எந்தத் தேசத்தின் பந்து வீச்சு அதிக பலம் வாய்ந்தது என்பதே விவாதம்.

"மாப்பிள்ளை, நீங்கள் பார்த்திராத காலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். மேற்கிந்தியத் தீவுக்காரர்கள் நாலு பேரும் மாற்றி மாற்றி வீசியதைப் பார்த்திருந்தால் இப்படிச் சொல்லமாட்டீர்கள்" என்றார் பெரியவர்.

"மன்னிக்க வேணும், மாமா. ஆஸ்திரேலியாவின் மக்ராத்தும் வார்னும் சேர்ந்து ஆடிய 104 டெஸ்ட் பந்தயங்களில் இருவருமாக 1001 விக்கெட் எடுத்திருக்கிறார்கள். கணக்கு பொய் சொல்லுமா?" என்றார் மாப்பிள்ளை.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன் ஒருவன், "அப்படியானால் நம்ம பும்ரா?" என்று கேட்டான். அவ்வளவுதான். மூன்று கட்சிகளாகப் பிரிந்து சண்டை நடந்தது. பாயசம் வந்ததையும் போனதையும் அவர்கள் கவனிக்கவே இல்லை. நாம் எந்தக் கட்சியிலும் சேராமலிருந்த காரணத்தால் நமக்கு மட்டும் இரண்டு தடவை பாயசம் கிடைத்தது. ஆனால் வீடு திரும்பிய பிறகு, பாயசத்துக்காக அபிப்பிராயத்தை அடக்கிக்கொண்டோமே என்று மனச்சாட்சி உறுத்திற்று. அதற்குப் பரிகாரமாகவே இந்த வாரம் இதை எழுதத் துணிந்தோம்.

★

முதலில் மாப்பிள்ளையின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பொய் சொல்வதில்லைதான். ஆனால் நாம் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். ஒருவர் எத்தனை விக்கெட் எடுத்தார் என்பது ஒரு கேள்வி. ஒரு கோஷ்டியின் பந்து வீச்சு எவ்வளவு பலமானது என்பது வேறு கேள்வி.

இலங்கையின் முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார். உலகத்தில் வேறு யாரும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. கண்டியிலிருந்து வந்த அந்தத் தமிழரை எண்ணி நாம் பெருமைப்படுவது நியாயமே. ஆயினும் ஆஸ்திரேலிய மண்ணில் ஆடிய ஐந்து டெஸ்டுகளில் அவருக்குக் கிடைத்தவை 12 விக்கெட்டுகள்தான். இலங்கை இதுவரை ஆஸ்திரேலியாவில் ஒரு டெஸ்டிலும் ஜெயித்ததில்லை. ஒரு மகா வீரர் இருப்பது வேறு, ஒரு படை இருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

ஆகவே, படையின் பலத்தை நிறுக்க நமக்கு வேறு தராசு வேண்டும். டெஸ்ட் பந்தயத்தில் எதிரி தானாக ஆட்டத்தை முடித்துக்கொண்டாலொழிய, அவனுடைய இருபது விக்கெட்டுகளையும் வீழ்த்தாமல் வெற்றி கிடையாது. ஆயிரம் ரன் அடித்தாலும் பத்தொன்பதோடு நின்றால் ஆட்டம் சமன்தான். ஆகையால் இருபது விக்கெட் எடுக்கும் சக்தி இருக்கிறதா என்பது முதல் பரீட்சை. அதைச் சொந்த மண்ணில் மட்டுமின்றி அன்னிய மண்ணிலும் செய்ய முடியுமா என்பது இரண்டாவது. படைத் தலைவன் காயம் பட்டு விழுந்தால், மீதி உள்ளவர்கள் அதைச் சாதிப்பார்களா என்பது மூன்றாவது.

இந்த மூன்று பரீட்சைகளில் இரண்டாவதிலேயே பல பெரிய படைகள் தோற்றுப் போயிருக்கின்றன. 1956-ஆம் வருஷம் மான்செஸ்டரில் இங்கிலாந்தின் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்டில் 90 ரன் கொடுத்து 19 விக்கெட் எடுத்தார். இருபதில் ஒன்றுதான் பாக்கி. அதை எடுத்தவர் அவருடைய கூட்டாளி டோனி லாக். அந்த லேக்கர், லாக் இருவரோடு ட்ரூமன், ஸ்டேதம், டைசன் என்ற மூன்று வேகப் பந்து வீரர்களையும் சேர்த்துக்கொண்டு 1958-59-ல் இங்கிலாந்துக் கோஷ்டி ஆஸ்திரேலியா போயிற்று. காகிதத்தில் பார்த்தால் அதற்கு நிகரான படை கிடையாது. நான்கு டெஸ்டுகளில் தோற்று, ஒன்றிலும் ஜெயிக்காமல் ஊர் திரும்பியது.

★

இனி பெரியவரின் கட்சியைக் கவனிப்போம். மேற்கிந்தியத் தீவுகளின் கதை தோல்வியில் ஆரம்பிக்கிறது. 1975-76-ல் ஆஸ்திரேலியாவில் லில்லி, தாம்ஸன் என்ற இருவரின் வேகத்துக்கு முன் அவர்கள் ஐந்து டெஸ்டுகளில் தோற்று, ஒன்றில்தான் ஜெயித்தார்கள். அதைத் தொடர்ந்து 1976-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அவர்களுடைய காப்டன் கிளைவ் லாயிட் மூன்று சுழற்பந்து வீரர்களை நம்பி இந்தியாவுக்கு 403 ரன் இலக்கு வைத்தார். நம்மவர்கள் நாலே விக்கெட் இழப்புக்கு 406 எடுத்து ஜெயித்துவிட்டார்கள்! லாயிட் அன்றோடு தம் வழியை மாற்றிக்கொண்டார். அடுத்த டெஸ்டில், கிங்ஸ்டன் நகரில், வேகப் பந்துகளின் தாக்குதலில் நம்முடைய இரண்டாவது இன்னிங்ஸ் 97 ரன்னில் முடிந்தது. காயங்களின் காரணமாக ஐந்து பேர் மட்டை பிடிக்க வரவே இல்லை.

அதன் பிறகு ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட், மார்ஷல் என்று வரிசையாக வந்தார்கள். மற்ற கோஷ்டிகளில் இரண்டு வேகக்காரர்கள் களைத்ததும் பந்தடிப்பவர் மூச்சு விட்டுக்கொள்வார். இங்கே அந்த மூச்சு விடும் நேரம் கிடையாது. ஒருவர் போனால் அதே வேகத்தில் இன்னொருவர் வருவார். 1980-ஆம் வருஷ ஆரம்பத்தில் நியூஸிலாந்தில் தோற்றவர்கள், பின்னர் 1995 வரையில், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும், ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழக்கவில்லை. 1984-ல் லீட்ஸ் நகரில் மார்ஷலின் இடது கைக் கட்டை விரல் முறிந்துவிட்டது. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து 53 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார்.

மூன்றாவது பரீட்சையில்தான் அவர்களுடைய மேன்மை பூரணமாக விளங்குகிறது. ஹோல்டிங்கும் கார்னரும் 1987-ல் டெஸ்ட் ஆட்டத்தை விட்டு விலகினார்கள். படை சரியவில்லை. ஆம்புரோஸ், வால்ஷ், பிஷப் ஆகியோர் அந்த இடத்தில் வந்து நின்றார்கள். தலைவர்கள் மாறினார்கள், இருபது விக்கெட் மாறவில்லை.

மாப்பிள்ளையின் ஆஸ்திரேலியப் படைக்கும் இதே பரீட்சையை வைத்துப் பார்ப்போம். வார்ன் சுழற்பந்து வீரராதலால் ஐந்தாம் நாள் ஆடுகளத்தில் அவருக்கு இணை இல்லை. மக்ராத்தோ, பந்து விழும் இடத்தைக் கையால் தொட்டு வைப்பது போலக் குறி தவறாமல் வீசியவர். வேகமும் சுழலும் சேர்ந்த அந்தப் படைக்கு இருந்த பல வகை ஆயுதங்கள் மேற்கிந்தியருக்குக் கிடையாது. ஆனால் 2005-ல் இங்கிலாந்தில் என்ன நடந்தது? பர்மிங்ஹாம் டெஸ்ட் தொடங்கும் முன் காலையில் பயிற்சியின்போது மக்ராத் ஒரு பந்தின் மேல் காலை வைத்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். அந்தத் தொடரில் அவர் ஆடாத டெஸ்டுகள் இரண்டு. ஆஸ்திரேலியா தோற்ற டெஸ்டுகளும் அதே இரண்டுதான். தொடர் 2-1 என்று கைவிட்டுப் போயிற்று. ஆகவே பெரியவருக்கு முதல் இடம், மாப்பிள்ளைக்கு இரண்டாம் இடம் என்று தீர்ப்பு எழுதுகிறோம். குடும்ப ஒழுங்குக்கும் அதுவே பொருத்தமாயிருக்கிறது.

★

நிற்க. அந்தப் பத்து வயதுப் பையனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உண்மையில் நமது மனத்தைத் தைத்தது அவனுடைய கேள்விதான். ஏனென்றால் நாம் பையனாயிருந்த காலத்தில் எந்த இந்தியப் பையனும் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். "நம்மவர்களுக்கு வேகப் பந்து வராது, நம் சாப்பாடு அப்படி, உடம்பு அப்படி, சீதோஷ்ணம் அப்படி" என்று வீட்டுத் திண்ணையிலிருந்து பத்திரிகை வரையில் எல்லோரும் சொன்னார்கள். நாமும் நம்பினோம்.

அந்த நம்பிக்கை பொய் என்பதற்கு அத்தாட்சி நமது முதல் டெஸ்டிலேயே இருக்கிறது. 1932 ஜூன் 25-ந் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் ஆடிற்று. பந்து வீசத் தொடங்கியவர்கள் முகம்மது நிஸார், அமர்சிங். நிஸாரின் வேகத்தில் ஸட்கிளிஃப், ஹோம்ஸ் இருவரின் ஸ்டம்புகளும் சிதறின. உல்லி ரன் அவுட் ஆனார். இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட். அந்த இன்னிங்ஸில் நிஸார் எடுத்தவை 5. ஆட்டத்தில் நாம் தோற்றோம் என்பது வாஸ்தவம். ஆனால் பந்து வீச்சினால் தோற்கவில்லை. நிஸார் பிறந்தது ஹோஷியார்பூரில், அமர்சிங் ராஜ்கோட்டுக்காரர். அவர்கள் என்ன, வேறு உலகத்துச் சாப்பாடா சாப்பிட்டார்கள்?

அமர்சிங் 1940-ல் முப்பது வயது நிரம்பாமலே காலமானார். தேசப் பிரிவினைக்குப் பின் நிஸார் பாகிஸ்தானில் தங்கிவிட்டார். அவர்களுடைய இடத்தை நிரப்ப யாரும் சிரத்தையெடுக்கவில்லை. பிற்பாடு பேடி, பிரஸன்னா, சந்திரசேகர், நம் சென்னை வெங்கட்ராகவன் என்ற நான்கு சுழற்பந்து மேதைகள் தோன்றினார்கள். நால்வரும் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் மொத்தம் 853. போலியோவினால் மெலிந்த கையைக் கொண்டே சந்திரசேகர் 1971 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். நாம் இங்கிலாந்தில் முதன்முதலாக டெஸ்டில் ஜெயித்தோம். அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அந்நாளில் புதுப் பந்து நமக்கு ஒரு தொந்தரவாகவே இருந்தது. பந்தின் பளபளப்பைப் போக்குவதற்காகக் கவாஸ்கரே சில ஓவர்கள் வீசியதுண்டு! பிறகு பந்து சுழற்பந்துக்காரர் கைக்குப் போகும். இப்படி ஆடிக்கொண்டே, "நமக்கு வேகம் வராது" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தோம்.

1978-ல் கபில்தேவ் வந்தார். 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எப். வேகப் பந்துப் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. ஆசிரியராக வந்தவர் யார் தெரியுமா? மேற்கிந்தியரை 1975-76-ல் பயமுறுத்திய அதே லில்லிதான். ஸ்ரீநாத், ஜாகீர்கான் போன்றவர்கள் அங்கே பயின்றார்கள். உடம்பும் சாப்பாடும் மாறவில்லை. கற்றுக்கொடுக்க ஆள் வந்தார், கற்றுக்கொள்ள இடம் கிடைத்தது, அவ்வளவே மாறுதல்.

பலன் 2018-ல் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் மூன்று டெஸ்டுகளிலும் நம்மவர்கள் எதிரியின் இருபது விக்கெட்டுகளையும் வீழ்த்தினார்கள், அறுபதுக்கு அறுபது. அப்படியும் தொடரை 1-2 என்று இழந்தோமென்றால் குற்றம் பந்து வீசியவர்களுடையது அல்ல. அடுத்து 2018-19-ல் ஆஸ்திரேலியாவில் முதன்முதலாகத் தொடரை வென்றோம்; 1947-48-ல் முதலில் அங்கே போனது முதல் அதற்கு 71 வருஷம் காத்திருந்தோம்.

2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் மூன்றாவது பரீட்சையும் வந்தது. பும்ரா, ஷமி, இஷாந்த், உமேஷ், அசுவின், ஜடேஜா ஆகிய யாரும் ஆட முடியாத நிலை. பந்து வீசிய ஐவரும் அதற்குமுன் ஆடியிருந்த டெஸ்டுகளை ஒன்றாகக் கூட்டினால் நான்குதான். இருவருக்கு அதுவே முதல் டெஸ்ட்: சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜன், சென்னை வாஷிங்டன் சுந்தர். ஆளுக்கு மூன்று விக்கெட் முதல் இன்னிங்ஸில் எடுத்தார்கள். இரண்டாவதில் சிராஜ் ஐந்து, தாக்கூர் நான்கு. இருபதும் வந்துவிட்டது. 1988-க்குப் பிறகு தோல்வியறியாத மைதானத்தில் ஆஸ்திரேலியா தோற்றது.

ஆனபடியால் இந்தியாவே முதல் என்று எழுதிவிடலாமா? ஆசைதான். ஆனால் தேசாபிமானத்தைத் தராசில் எடைக்கல்லாக வைப்பது நியாயமன்று. 2024-25-ல் ஆஸ்திரேலியாவில் பும்ரா ஒருவரே 32 விக்கெட் எடுத்தார். தொடரை 1-3 என்று இழந்தோம். கடைசி டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் முதுகு வலியினால் அவரால் பந்து வீச முடியவில்லை. எதிரிகள் 162 ரன்னைச் சிரமமின்றி எடுத்தார்கள். அதற்குச் சற்று முன்பு, 2013 முதல் 18 தொடர்களைச் சொந்த மண்ணில் வரிசையாக வென்றிருந்த நம்மை, நியூஸிலாந்து இங்கேயே 3-0 என்று வீழ்த்திற்று. மேற்கிந்தியர் பதினைந்து வருஷம் தாங்கிய பாரத்தை நாம் சில வருஷங்கள்தான் தாங்கினோம்.

அந்த மேற்கிந்தியரே இன்று பழைய நிலையில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மார்ஷலையும் கார்னரையும் தந்த பார்படாஸ் தீவின் ஜனத்தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு. அத்தனை சிறிய இடத்திலிருந்து அவ்வளவு பெரிய பலம் கிளம்பியது. பேணுவோர் குறைந்ததும் அது தேய்ந்தும் போயிற்று. நிஸார், அமர்சிங்கிற்குப் பின் நமக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆகவே பையா, உன் கேள்விக்கு எங்கள் பதில் இது: பும்ரா எந்தக் காலத்து வீரருக்கும் இளைத்தவர் அல்ல. ஆனால் அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் யார் என்று கேட்கத் தொடங்கு. அந்தப் பதில் நல்லபடியாக இருக்குமானால், உனக்குக் கல்யாணம் நடக்கும் காலத்தில் உன் மாமனாரோடு தைரியமாக வாதாடலாம். பாயசம் வரும் சமயத்தில் மட்டும் சற்று நிறுத்திக்கொள்.