காய்கறிப் பெட்டியா, பேரங்காடியா? தோட்டப்புற வீட்டுக்கு எது மலிவு?

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அடுத்த சில நாள்களிலேயே கேமரன் மலை விவசாயிகள் விற்க வழியின்றிக் காய்கறிகளை டன் கணக்கில் கொட்டினார்கள். பேரங்காடிகளிலோ மக்கள் வரிசை பிடித்து நின்றார்கள். அந்த நெருக்கடியில்தான் காய்கறிகளைப் பெட்டியில் அடைத்து வீட்டு வாசலுக்கே அனுப்பும் முறை நம் நாட்டில் வேகமாகப் பரவியது. ஆணை போய்விட்டது, பெட்டி வியாபாரம் தொடர்கிறது.

"இடைத்தரகர் இல்லை, அதனால் மலிவு" என்பதே பெட்டி விற்பவர்களின் வழக்கமான விளம்பரம். மலாக்காவில் தோட்டத்திலும் சிறுபட்டணத்திலும் வாழும் நம்மவர்களுக்கு இது பொருந்துமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள காய்கறி விலைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

5 கிலோ பெட்டி 30 வெள்ளி, அனுப்பும் கட்டணம் 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 38 வெள்ளி, அதாவது கிலோ 7 வெள்ளி 60 காசு. பேரங்காடியில் 250 கிராம் பொட்டலம் 1 வெள்ளி 90 காசு என்றால், அதுவும் கிலோ 7 வெள்ளி 60 காசுதான்.

வித்தியாசம் இனிமேல்தான் வருகிறது. பெட்டியில் என்ன இருக்கும் என்பதைப் பெரும்பாலும் விற்பவரே முடிவு செய்கிறார். சாவியும் முட்டைக்கோசும் நிறைய வரும். நம் சமையலுக்கு வேண்டிய முருங்கைக்காய், பாகற்காய், புடலங்காய் வராமல் போகலாம். ஒரு கிலோ வாடிக் குப்பைக்குப் போனால், மிச்சமுள்ள 4 கிலோவின் விலை கிலோவுக்கு 9 வெள்ளி 50 காசாகிவிடும்.

பேரங்காடிக்கும் மறைமுகச் செலவு உண்டு. தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குப் போய்வர 30 கிலோமீட்டர் என்று கொள்வோம். 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 திட்டத்தில் பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு ஏறக்குறைய 1 வெள்ளி 50 காசு ஆகும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 6 வெள்ளி. 2 கிலோ காய்கறிக்காக மட்டும் காரில் போனால், கிலோவுக்கு 3 வெள்ளி கூடி 10 வெள்ளி 60 காசாகிறது. மோட்டார் சைக்கிளில் போனால் 8 வெள்ளி 35 காசு. அரிசி, எண்ணெயையும் அதே பயணத்தில் வாங்கினால் இந்தச் சுமை குறையும்.

ஆக, கார் வைத்திருக்கும் பட்டணத்து வீட்டுக்குப் பெட்டி கட்டுப்படியாகலாம். மோட்டார் சைக்கிளை நம்பியிருக்கும் தோட்டத்து வீட்டுக்கு அது சந்தேகமே. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியில் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் மிச்சம் 1,513 வெள்ளி. வாரம் ஒரு பெட்டி என்றால் நான்கு வாரத்திற்கு 152 வெள்ளி. கைக்கு வருவதில் பத்தில் ஒரு பங்கு! அதற்குப் பிறகும் வெங்காயம் தனியாக வாங்க வேண்டும். நாம் சாப்பிடும் வெங்காயம் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. 2023 டிசம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்து, 2024 மே மாதத்தில்தான் விலக்கியது. அந்த மாதிரி விலையேற்றத்திலிருந்து எந்த உள்ளூர்ப் பெட்டியும் நம்மைக் காப்பாற்றாது.

"உள்ளூர்" என்ற சொல்லையும் விசாரித்துப் பார்க்க வேண்டும். கேமரன் மலையிலிருந்து மலாக்காவுக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். லாரிச் செலவும் விலையில் சேர்ந்தே வருகிறது. வெண்டை, கத்திரி, பயற்றங்காய், வெள்ளரி, கங்கோங் ஆகியவை நம் சமவெளியிலேயே விளைபவை. பெட்டியில் இவை அதிகம் இருந்தால்தான் அது உண்மையில் பக்கத்து விளைச்சல்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. ஃபாமா 1985 முதல் நடத்திவரும் பாசார் தானியில் விவசாயிகள் நேரடியாக விற்கிறார்கள். கால் கிலோவும் வாங்கலாம், கையால் பார்த்தும் எடுக்கலாம். வீட்டைவிட்டுப் புறப்படும் முன், உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ்கேட்சர் செயலியில் பக்கத்துக் கடைகளின் விலையை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பெட்டிதான் வேண்டும் என்றால், ஒரே வரிசையில் உள்ள பத்து வீடுகள் சேர்ந்து ஒரே இடத்தில் இறக்கச் சொல்லுங்கள். அந்த 8 வெள்ளிக் கட்டணம் வீட்டுக்கு 80 காசாகி, கிலோ விலை 6 வெள்ளி 16 காசுக்கு இறங்கும். எடை எவ்வளவு, அனுப்பும் கட்டணம் எவ்வளவு, என்னென்ன காய் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கட்டணத்தையும் சேர்த்து முழு விலையை முன்கூட்டியே சொல்வது இணையத்தில் விற்பவரின் சட்டக் கடமை. சொல்ல மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அன்று தோட்டத்து லயன் வீடுகளின் கொல்லையில் முருங்கையும் கீரையும் தவறாமல் இருந்தன. கொஞ்சம் மண் இருப்பவர்கள் அதை மறுபடியும் தொடங்கலாம். அந்தக் கீரைக்கு லாரி வாடகையும் இல்லை, அனுப்பும் கட்டணமும் இல்லை.